கண்ணாடியைத் தேடிப் பிடிக்குமா கணினி?
(தொடர் – 9)

கண்டியிலிருந்து மகியங்கனை வீதியில் குண்டசாலைப் பக்கமாகப் போனால் திகன வரும். அங்கே அரசாங்கப் புனர்வாழ்வு வைத்தியசாலை ஒன்று இருக்கிறது. பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோனவருக்கு மறுபடி நடக்கவும் சட்டைப் பொத்தான் போடவும் பழக்குவது இத்தகைய இடங்களின் வேலை. இந்நோய்க்கு உலகில் என்னென்ன பயிற்சிகளைச் சோதித்திருக்கிறார்கள் என்று அங்குள்ள ஓர் இயன் மருத்துவர் தேடினால், 'பப்மெட்' என்ற மருத்துவ ஆய்வுத் தளத்தில் மட்டும் எல்லா நோய்களுக்குமாக மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட ஆய்வுகளின் விவரங்கள் கிடக்கின்றன. கிளினிக் முடிந்த பிறகு உட்கார்ந்து வாசித்துத் தீருமா?

இதற்குத்தான் சென்ற வாரம் தொட்டுவிட்டு வந்த 'உரை அகழ்வு'. கட்டுரைச் சுருக்கங்களைக் கணினியே வாசித்து, எந்த நோயோடு எந்தச் சிகிச்சை சேர்ந்து வருகிறது என்று பொறுக்கி எடுக்கும்.

இதன் முன்னோடி சிகாகோ பல்கலைக்கழகத்து டொன் சுவான்சன். அவர் வைத்தியர் அல்லர், தகவலியல் பேராசிரியர். குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் 'ரேனோ' நோயாளிகளின் இரத்தம் தடிப்பாக இருக்கிறது என்று ஒரு கூட்டம் கட்டுரைகள் சொல்லின. மீனெண்ணெய் இரத்தத்தின் தடிப்பைக் குறைக்கிறது என்று இன்னொரு கூட்டம் சொல்லிற்று. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை. 1986இல் சுவான்சன் இரண்டையும் முடிச்சுப் போட்டார். மூன்றே ஆண்டில் சிறிய மருத்துவச் சோதனையொன்று அவர் பக்கம் சாய்ந்தது.

பாரிசவாதத்திலும் இப்படியொரு முடிச்சு உண்டு. அதைப் போட்டதும் கணினி அல்ல. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், துண்டிக்கப்பட்ட கையில் வலி இருப்பதாக உணர்பவர்களுக்குக் கண்ணாடியை வைத்துச் சிகிச்சை செய்தார். அதே கண்ணாடியைப் பாரிசவாதக் கைக்கும் வைத்துப் பார்த்து, அவரும் சகாக்களும் 1999இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். வெறும் ஒன்பது நோயாளர்கள்தான்.

செய்முறை எளிது. மேசையில் நோயாளியின் நெஞ்சுக்கு நேர் நடுவே கண்ணாடியை நிறுத்தி, விழுந்த கையை அதன் பின்னால் மறைத்துவிடுவார்கள். நல்ல கை கண்ணாடியின் முன்னால். "ஐயா, கையைப் பார்க்காதீங்க, கண்ணாடிக்குள்ளயே பாருங்க" என்றபடி விரல்களை மடக்கி விரிக்கச் சொல்வார்கள். விழுந்த கையே அசைவதுபோல் மூளைக்குக் காட்சி போகிறது. 2018இல் கொக்ரேன் அமைப்பு 62 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, இதனால் கையின் இயக்கம் ஓரளவு மேம்படுகிறது என்றது. ஓரளவு என்பதை அழுத்திப் படிக்க வேண்டும்.

இணைப்பைக் காட்டுவதில் கணினி கெட்டிக்காரன்தான். எடை போடச் சொன்னால்தான் தடுமாறும். 'ஃப்ளூவொக்ஸட்டீன்' என்ற மனச்சோர்வு மாத்திரையை எடுங்கள். 2011இல் பிரான்சில் 118 பாரிசவாத நோயாளர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது கை கால் இயக்கம் கூடிற்று. உடனே ஆளுக்கொரு கட்டுரை. சொற்களை மட்டும் எண்ணுகிற மென்பொருள் இம்மாத்திரையைப் பட்டியலின் தலையில் வைத்திருக்கும். பிறகு பிரித்தானியாவில் 3,127 பேரிடம் செய்த பெரிய சோதனையில் ஊனம் குறையவில்லை. எலும்பு முறிவுதான் கூடியது. 2020இல் வெளிவந்த சுவீடன், ஆஸ்திரேலியச் சோதனைகளும் கைவிரித்தன. ஆனாலும் 'பயனில்லை' என்று எழுதிய கட்டுரைகளிலும் மருந்தின் பெயரும் நோயின் பெயரும் சேர்ந்தேதான் வருகின்றன. எண்ணிக்கை இன்னும் ஏறும்! மறுப்புச் சொற்களையும் நோயாளர் தொகையையும் பிரித்தறியும் மென்பொருள்கள் வந்துவிட்டன என்றாலும், நான் அவற்றை முழுதாக நம்பமாட்டேன்.

நமக்கு இன்னும் கிட்டிய ஆய்வு, லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் துரை பாண்டியனும் இடம்பெற்ற குழு 2017இல் வெளியிட்டது. இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1,250 நோயாளர்களைச் சேர்த்து, ஒரு பாதியினரின் குடும்பத்தாருக்கு வீட்டில் பயிற்சி கொடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் பிறரை அண்டியே இருந்தவர்களும் இரு பிரிவிலும் 47 சதவீதம். எந்த வித்தியாசமும் இல்லை.

மகளோ மருமகளோ கையை நீவிவிடுவது வீண் என்று இதற்கு அர்த்தமா? மறு பாதியினருக்கும் வழக்கமான சிகிச்சை கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கிளினிக்குக்கு பஸ் ஏறி வரவே முடியாத தோட்டத்து லயத்து வீட்டுக்கு இந்த ஒப்பீடு எவ்வளவு பொருந்தும் என்பதை மென்பொருளின் பட்டியல் சொல்லாது. கட்டுரையைத் திறந்து, யாருக்கு எத்தனை மணிநேரப் பயிற்சி கிடைத்தது என்ற பத்தியை இயன் மருத்துவரே வாசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.