வரண்ட மண்ணுக்குப் போஞ்சியா, பயற்றங்காயா?

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அரசாங்கம் தீர்மானித்தது. மூன்று மாத காலத்துக்கான ஏற்பாடு அது. விடுமுறை முடிந்துபோனது, மரக்கறி விலை புகட்டிய பாடம் முடிந்துவிடவில்லை. மன்னாரிலும் புத்தளத்திலும் மட்டக்களப்பிலும் முற்றத்தில் நாலு கொடியையேனும் நடவேண்டும் என எண்ணுவோர் இன்றும் உளர். அவர்கள் போஞ்சி விதையை நாடும்போதே ஏமாற்றமும் தொடங்கிவிடுகின்றது.

போஞ்சியின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்து மலைப்பகுதிகள். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் அது செழிப்பதற்குக் குளிர்ச்சியான காலநிலையே காரணம். பகல் வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தாண்டி, இரவும் புழுக்கமாக இருந்தால் மகரந்தம் வலுவிழக்கும். பூக்கள் காயாகாமலே உதிரும். இதனைப் பசளைக் குறைபாடு எனக் கருதி யூரியாவை அள்ளியிடுவோரும் உண்டு. கொடி கொழுக்குமேயன்றிக் காய் கிடைக்காது. உவர் நீரையும் போஞ்சி தாங்காது. கடலை அண்டிய கிணறுகளை நம்பியிருக்கும் நம்மவர்க்கு இது சிறிய விடயமன்று.

பயற்றங்காயோ கௌபியின் இனத்தைச் சேர்ந்தது. வெயில் அதற்குப் பழக்கமானது. சுமார் 50 நாட்களில் காய் பறிக்கத் தொடங்கலாம். விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்துள்ள சேனா, பொலொன் மே, ஹவரி மே ஆகியவை கொடி வகைகள். பந்தலுக்குத் தடி தேட முடியாதவர்களுக்கும் இடவசதி குறைந்தவர்களுக்கும் பற்றையாக வளரும் புஷிடா பொருந்தும். சிறகவரையையும் நாம் மறந்துவிடலாகாது. அதன் இலை, பூ, காய், கிழங்கு யாவும் உணவாகும். ஆனால் பகற்பொழுது குறுகும் காலத்திலேயே அது பூக்கும் என்பதால் பெரும்போக மழையுடன் நட்டுவிட வேண்டும்.

போஞ்சியே வேண்டும் என்போர், மார்கழி மழை தணிந்ததும் பற்றைப் போஞ்சியை விதைக்கலாம். ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குள், பங்குனி வெயிலுக்கு முன்னரே அது பலன் தந்துவிடும். பிற்பகல் நிழலும், வேரடியில் வைக்கோல் மூடாக்கும் அவசியம்.

போஞ்சி, பயற்றை இரண்டும் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை கொண்டவை. கலப்பினம் அல்லாத விதையாயின், முற்றிய காயை உலர்த்தி அடுத்த போகத்துக்கு எடுத்துவைக்கலாம். விதைப் பொதிகளை வழங்கும் நிறுவனங்கள், அந்த இனம் எந்த வலயத்துக்கு, எந்தப் போகத்துக்கு உரியது என்பதைத் தமிழிலும் பொதியின்மேல் அச்சிட்டுத் தரவேண்டும்.