கோடை வேலையில் கெண்டைக்கால் குரக்குவலி

நவரை அறுவடையிலும் நிலக்கடலை பிடுங்குவதிலும் ஈடுபட்ட ஆட்களுக்குப் பிற்பகலில் கெண்டைக்கால் சதை திடீரென இறுகிப் பொறுக்கவொண்ணாத நோவு உண்டாவதைக் கிருஷிகர்கள் பலர் கண்டிருப்பர். இதுவே குரக்குவலி. இதை வாயுக்கோளாறு என்றோ, வேலைக்கு அஞ்சிய பாசாங்கு என்றோ கருதுவது பிழையாகும்.

காரணங்கள்.— நெடுநேரம் குனிந்து உழைப்பதால் தசை களைத்துப்போதல் ஒன்று. வியர்வையுடன் நீரும் உப்பும் கழிதல் மற்றொன்று. வெறும் நீரை மட்டும் மிகுதியாகப் பருகினால் நீர் ஈடாகும், உப்பு ஈடாகாது. இங்கிலாந்தில் வெப்பமிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் உழைப்போருக்கு இவ்வாறே வலி காண்பதையும், நீரில் சிறிது உப்பிட்டுக் கொடுப்பின் அது தணிவதையும் மாஸ் என்பவர் 1923-ஆம் ஆண்டில் விளக்கினார். வெயிலுக்குப் பழகாத புது ஆட்களின் வியர்வையில் உப்பு அதிகம் கழியும். முதுமை, கர்ப்பம், நீரிழிவு, சிறுநீரக நோய், சிறுநீர் பெருக்கும் மருந்துகள் ஆகியவற்றாலும் இவ்வலி வருவதுண்டு. இது பெரும்பாலும் இரவில் தோன்றும்.

உடனே செய்யவேண்டியவை.— நோயாளியை நிழலில் இருத்தி, முழங்காலை நீட்டி, பாதவிரல்களை முழந்தாளை நோக்கி மெல்ல வளைத்துப் பிடித்துச் சதையை நீவுக. ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் அரைத் தேக்கரண்டி உப்பும் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும், தலைதட்டி அளந்து, கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்க. அன்று மீண்டும் கடும் வேலைக்கு அனுப்பலாகாது.

தடுக்கும் வகை.— உப்பிட்ட நீராகாரமும் நீர்மோரும் வயலருகே நிழலில் வைத்தல் நலம். நண்பகல் வேலையைக் காலைக்கும் மாலைக்கும் மாற்றுக. புது ஆட்களுக்கு வேலையைப் படிப்படியாகவே கூட்டுக. இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே உப்பைக் கூட்டவேண்டும்.

எச்சரிக்கை.— வலி ஒரு மணி நேரத்திற்கு மேல் நீடித்தாலும், ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்தாலும் வைத்தியரிடம் காட்டுக. அறிவு தடுமாறி உடல் அனலாய்க் கொதித்தால், உடலை நீரால் நனைத்து விசிறிக்கொண்டே தாமதமின்றி மருத்துவமனை சேர்க்க. பூச்சிமருந்து தெளித்தவருக்குத் தசைத்துடிப்புடன் எச்சில் பெருகிக் கண்மணி சுருங்குமாயின் அது விஷத்தின் குறி; மருந்துப் புட்டியையும் உடன் கொண்டு விரைக.

ஒரு குடம் மோரும் ஒரு நிழலும் பெருஞ்செலவல்ல. அவற்றைத் தவறாது அளிப்பது நிலமுடையோர் கடமை. கிராம அதிகாரிகள் இதனைக் கோடைக்கு முன்னரே யாவர்க்கும் எடுத்துரைப்பார்களாக.