கல்லீரல் கட்டியில் மாஸ்ட் செல்லுக்கு என்ன வேலை?

தூசு பட்டதும் தும்மல் வருவதற்கும், கொசு கடித்த இடம் தடித்து அரிப்பதற்கும் காரணமான நோய் எதிர்ப்புச் செல்கள் மாஸ்ட் செல்கள். எலும்பு மஜ்ஜையில் உருவாகி, இரத்தத்தின் வழியே சென்று, தோல், நுரையீரல், குடல் போன்ற இடங்களில் தங்கி இவை முதிர்ச்சி அடைகின்றன. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஹிஸ்டமின், ஹெப்பாரின், டிரிப்டேஸ் போன்ற வேதிப்பொருள்கள் அடங்கிய நுண்மணிகள் நிறைந்திருக்கும். தூண்டுதல் கிடைத்தால் சில நிமிடங்களிலேயே செல் அவற்றை வெளியே கொட்டிவிடும். இரத்தக் குழாய்கள் விரியும், நீர் கசியும், அந்த இடம் சிவந்து வீங்கும். ஒவ்வாமை மருத்துவத்தில் மட்டுமே நெடுங்காலம் பேசப்பட்டு வந்த இந்தச் செல்கள் கல்லீரல் புற்றுநோயிலும் பங்கு வகிக்கின்றனவா என்பது இப்போது தீவிரமாக ஆராயப்படுகிறது.

மாஸ்ட் செல்லை முதலில் தெளிவாக விவரித்தவர் ஜெர்மானியரான பால் எர்லிக். 1878-இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில், அனிலின் சாயங்களைக் கொண்டு திசுக்களுக்குச் சாயமேற்றி இவற்றை அடையாளம் காட்டினார். அந்த உத்தி இன்றும் மாறவில்லை. மெல்லியதாகச் சீவிய திசுவின் மீது டொலுயிடின் நீலம் என்னும் சாயத்தை விட்டால், மற்ற செல்கள் நீலமாகத் தெரியும். மாஸ்ட் செல்லின் மணிகள் மட்டும் கருஞ்சிவப்பு கலந்த ஊதா நிறத்தில் எடுப்பாகத் தெரியும். கட்டியில் எத்தனை மாஸ்ட் செல்கள் இருக்கின்றன என்பதை நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம்.

இந்தச் செல்லின் முக்கியச் சரக்குகள் இரண்டுக்கும் கல்லீரலோடு பழைய தொடர்பு உண்டு. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், 1916-க்கும் 1918-க்கும் இடையே அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நாயின் கல்லீரலில் நடந்த ஆய்வுகளிலிருந்து வெளிப்பட்டது. 1927-இல் ஹென்றி டேல் குழுவினர் ஹிஸ்டமினைக் கல்லீரல், நுரையீரல் திசுக்களிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஹெப்பாரின் இருப்பது மாஸ்ட் செல்லில்தான் என்பது 1937-இலும், ஹிஸ்டமினின் கிடங்கும் அதுவே என்பது 1953-இலும் தெரியவந்தன.

இருவகைப் புற்றுநோய்

கல்லீரலில் தோன்றும் புற்றுநோயில் இரண்டு வகைகள் முக்கியமானவை. கல்லீரல் செல்களிலேயே தொடங்குவது ஒன்று. நூற்றுக்கு 75 முதல் 85 பேருக்கு இருப்பது இதுதான். ஹெப்படைட்டிஸ் பி, சி வைரஸ்கள், மது, கொழுப்புக் கல்லீரல், பூஞ்சை பிடித்த நிலக்கடலையிலும் சோளத்திலும் உண்டாகும் அஃப்ளடாக்சின் நஞ்சு ஆகியவை இதன் பெருங்காரணங்கள். மற்றொன்று, பித்தநீரைக் கொண்டுசெல்லும் குழாய்களின் உட்சுவரில் தொடங்கும் பித்தநாளப் புற்றுநோய். வடகிழக்குத் தாய்லாந்தில் வேகாத மீன் வழியாக உடலுக்குள் போகும் கல்லீரல் தட்டைப்புழுவால் இது அதிகம் வருகிறது. பித்தநாளங்கள் அழன்று தழும்பேறிக் குறுகும் நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து மிகுதி. உலக அளவில் 2022-இல் சுமார் 8.66 லட்சம் பேருக்குப் புதிதாகக் கல்லீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது, சுமார் 7.58 லட்சம் பேர் இறந்தார்கள். புற்றுநோய் மரணங்களில் இதற்கு மூன்றாம் இடம்.

இவ்விரு வகைகளுமே பெரும்பாலும் பல ஆண்டுகள் நீடித்த அழற்சிக்குப் பிறகு வருபவை. செல்கள் சாவதும் புதியவை பெருகுவதும் தழும்புத் திசு படிவதும் திரும்பத் திரும்ப நடக்கும் இடத்தில்தான் கட்டி முளைக்கிறது. அழற்சிச் செல்லான மாஸ்ட் செல்லின் மீது ஆய்வாளர்களின் பார்வை திரும்பியதற்கு அதுவே காரணம்.

எண்ணிக்கையிலிருந்து சோதனைக்கு

நலமான கல்லீரலில் மாஸ்ட் செல்கள் மிகக் குறைவு. இருப்பவையும் இரத்தக் குழாய்களும் பித்தநாளமும் சேர்ந்து செல்லும் பகுதியை ஒட்டியே இருக்கும். பித்தநாள நோய்களில் அவற்றின் எண்ணிக்கை கூடுகிறது. பித்தநாளப் புற்றுக்கட்டிகளிலும் அவை மிகுந்து காணப்படுகின்றன. ஆனால் ஓரிடத்தில் கூட்டமாக இருப்பதால் மட்டும் அவற்றைக் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. நோயை வளர்க்க வந்தவையா, எதிர்க்க வந்தவையா, சும்மா வந்து சேர்ந்தவையா என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

அத்தகைய சோதனைகளைத் தொடர்ந்து செய்துவருபவர்களில் ஒருவர் அமெரிக்க ஆய்வாளர் ஹெதர் பிரான்சிஸ். டெக்சாஸிலும் பின்னர் இண்டியானா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியிலும் பணியாற்றிய அவரது குழுவினர், முதலில் ஹிஸ்டமினை எடுத்துக்கொண்டார்கள். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஹிஸ்டமினாக மாற்றும் நொதி பித்தநாளப் புற்றுச் செல்களில் மிகுந்திருப்பதையும், அதைத் தடுத்தால் கட்டியின் வளர்ச்சி குறைவதையும் 2012-இல் காட்டினார்கள். அதாவது, புற்றுச் செல் தானே ஹிஸ்டமினைச் சுரந்து, அதையே தன் வளர்ச்சிக்குப் பயன்படுத்திக்கொள்கிறது.

மாஸ்ட் செல் கட்டிக்குள் எப்படி வருகிறது என்பது அடுத்த கேள்வி. அதன் மேற்பரப்பில் கிட் என்ற ஏற்பி உண்டு. தண்டுச்செல் காரணி என்னும் புரதம் அதில் வந்து ஒட்டினால், அந்தப் புரதம் வரும் திசையை நோக்கிச் செல் நகரும். பித்தநாளப் புற்றுச் செல்கள் இந்தப் புரதத்தைச் சுரக்கின்றன என்றும், மாஸ்ட் செல்கள் அதனால் இழுக்கப்படுகின்றன என்றும் இக்குழுவினர் 2016-இல் வெளியிட்டார்கள். மனிதப் புற்றுச் செல்களைச் சுண்டெலிகளில் வளர்த்து, மாஸ்ட் செல் மணிகளைக் கொட்டாமல் தடுக்கும் குரோமோலின் சோடியத்தைக் கொடுத்தார்கள். கட்டி வளர்ச்சி மந்தமானது.

2017-இல் வெளியான ஆய்வு இன்னும் நேரடியானது. மரபணு மாற்றத்தால் மாஸ்ட் செல் இல்லாத ஒருவகைச் சுண்டெலிகள் உண்டு. அவற்றின் பித்தநாளத்தைக் கட்டி, பித்தநீர் தேங்கும்படி செய்தார்கள். சாதாரண எலிகளோடு ஒப்பிட்டால், இவற்றில் பித்தநாளச் செல்களின் பெருக்கமும் தழும்பேற்றமும் குறைவாக இருந்தன. மாஸ்ட் செல்களை ஊசி மூலம் செலுத்தியதும் பாதிப்பு கூடியது. எடுத்தால் குறைகிறது, திருப்பிக் கொடுத்தால் கூடுகிறது என்பது வெறும் எண்ணிக்கையைவிட வலுவான சான்று.

ஐயங்களும் எல்லைகளும்

ஆனாலும் கேள்விகள் தீரவில்லை. மாஸ்ட் செல் இல்லாத அந்த எலிகள் கிட் ஏற்பியில் குறையுள்ளவை; அவற்றுக்கு மாஸ்ட் செல் இல்லாமை தவிர வேறு மாறுபாடுகளும் உண்டு. குரோமோலின் சுண்டெலிகளின் மாஸ்ட் செல்களில் சரிவர வேலை செய்வதில்லை என்றும், வேறு செல்களையும் அது பாதிக்கக்கூடும் என்றும் 2012-இல் மற்றோர் ஆய்வுக் குழு கேள்வி எழுப்பியது. கல்லீரல் செல்களில் தொடங்கும் புற்றுநோயிலோ படம் இன்னும் தெளிவில்லாதது. அங்கே மாஸ்ட் செல்கள் மிகுந்திருப்பதைக் கெட்ட அறிகுறியாகக் காட்டும் ஆய்வுகளும் உண்டு, அப்படி இல்லை என்பவையும் உண்டு. இரத்தக் குழாய்களை வளர்க்கும் காரணிகளைச் சுரக்கும் அதே செல், மற்ற எதிர்ப்புச் செல்களைக் கூப்பிட்டுக் கட்டியைத் தாக்கவும் வைக்கலாம். எந்தக் கட்டத்தில், கட்டியின் எந்தப் பகுதியில், எந்தச் செல்களுக்கு அருகில் என்பதைப் பொறுத்து அதன் வேலை மாறக்கூடும்.

மருந்தாகுமா?

இந்த ஆய்வுகளின் கவர்ச்சி, மாஸ்ட் செல்லை அடக்கும் மருந்துகள் ஏற்கெனவே கடைகளில் இருக்கின்றன என்பதுதான். குரோமோலின் 1965-இல் உருவானது. ஆஸ்துமா நோயாளியான மருத்துவர் ரோஜர் ஆல்டூன்யான், தமக்கு ஒவ்வாத பொருள்களை முகர்ந்து தம் உடலிலேயே சோதித்துக் கண்டறிந்த மருந்து அது. கண் அரிப்புக்கான சொட்டு மருந்தாக இன்றும் பயன்படுகிறது. ஆனால் விழுங்கினால் அதில் மிகச் சிறிய பங்கே இரத்தத்தில் சேரும்; ஆகவே கல்லீரலை எட்டச் செய்வது எளிதன்று.

ஹிஸ்டமினைத் தடுக்கும் ஒவ்வாமை மாத்திரைகளைப் பற்றியும் சில தகவல்கள் உண்டு. ஹெப்படைட்டிஸ் பி அல்லது சி உள்ளவர்களில், அம்மாத்திரைகளை உட்கொண்டவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் குறைவாக வந்ததாகத் தைவானின் காப்பீட்டுத் தரவுகளை வைத்து 2022-இல் வெளியான ஆய்வு கூறியது. எதிர்ப்பாற்றல் சிகிச்சை பெற்ற சில வகைப் புற்றுநோயாளிகள், இம்மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டபோது நீண்ட நாள் வாழ்ந்ததாக அதே காலத்தில் அமெரிக்க ஆய்வு ஒன்று தெரிவித்தது. இரண்டிலும் மனிதர்களைப் பற்றிய முடிவுகள் பழைய மருத்துவப் பதிவுகளைப் புரட்டிப் பெற்றவை. மாத்திரை சாப்பிட்டவர்கள் வேறு வகையிலும் வேறுபட்டிருக்கலாம். இதை நம்பித் தாமாக ஒவ்வாமை மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது சிகிச்சையாகாது.

அறுவை, உறுப்பு மாற்று, கட்டியைச் சுட்டு அழித்தல், அதற்குப் போகும் இரத்தத்தை அடைத்தல், எதிர்ப்பாற்றல் மருந்துகள் போன்றவையே இன்றைய சிகிச்சை முறைகள். நோய் வராமல் தடுக்க, பிறந்தவுடன் போடப்படும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசிதான் முதற்படி. மாஸ்ட் செல்லைக் குறிவைக்கும் சிகிச்சை இந்தப் பட்டியலில் சேர வேண்டுமானால், எந்த நோயாளியின் கட்டியில் அது தீங்கு செய்கிறது என்பதை முன்கூட்டியே கண்டறியும் வழியும், நோயாளிகளிடம் முறையாக நடத்தப்படும் மருந்துச் சோதனையும் தேவை.