தண்டத்தின் நோக்கம்

குற்றவாளியெனக் காணப்பட்ட ஒருவனுக்கு நீதிபதி ஏழாண்டுக் கடூழியச் சிறை விதிக்கின்றார் எனக் கொள்வோம். அந்த ஏழாண்டும் எதன் பொருட்டு? செய்த தீங்குக்கு ஈடாக அவன் துன்புறல் வேண்டும் என்பர் ஒரு சாரார். அவனைக் கண்டு பிறர் அஞ்சுதல் வேண்டும் என்பர் மற்றொரு சாரார். அவன் உள்ளே இருக்கும் காலமளவேனும் ஊரார் அச்சமின்றி உறங்கலாம் என்பாரும், அவன் திருந்தி மீளுதலே பயன் என்பாரும் உளர். ஒறுத்தல், அச்சுறுத்தித் தடுத்தல், அகற்றி வைத்தல், திருத்துதல் என இந்நான்கினையும் சட்டநூலார் ஒருங்கு வைத்து எண்ணுவர். மாணவரும் அவ்வாறே மனனஞ் செய்வர். ஆயின், நடைமுறையில் அவை தம்முள் முரணுவதே மிகுதி. பிறரை அஞ்சச் செய்தற்கெனக் கூட்டப்படும் தண்டனை குற்றத்தின் அளவை மீறிவிடும். திருத்துதற்கெனக் குறைக்கப்படும் தண்டனை இழந்தவரின் மனத்தை ஆற்றாது. ஆதலின், எதன் பொருட்டு ஒறுக்கின்றோம் என்பதனை ஒறுக்குமுன்னரே அரசு தெளிந்திருத்தல் இன்றியமையாதது.

வள்ளுவர் இதனை இருவேறு இடங்களிற் கூறுகின்றார். செங்கோன்மை அதிகாரத்தின் இறுதிக்குறள், கொடியோரை வேந்தன் ஒறுத்தலைப் பயிரிடையே களை பறித்தலுக்கு ஒப்பிடுகின்றது. ஈண்டு கூறப்பட்ட ஒறுப்பு கொலைத்தண்டமே என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். வெருவந்த செய்யாமையின் முதற்குறளோ, நடுவுநின்று ஆராய்தல், குற்றம் மீண்டும் நிகழாவண்ணஞ் செய்தல், குற்றத்துக்கு ஒத்த அளவில் ஒறுத்தல் என மூன்றினை வேந்தனுக்கு விதிக்கின்றது. தேயிலைமலைகளிடையே வாழும் எமக்குக் களையுவமை எளிதில் விளங்கும். எனினும், அம்மலைகளிலேயே கவ்வாத்து என்னும் வேறொரு தொழிலும் உண்டு. முற்றிய செடியைக் கத்திகொண்டு கடுமையாக வெட்டுவர். அது மீளத் தளிர்க்கும் பொருட்டே வெட்டுவர். எவன் களை, எவன் கவ்வாத்துக்குரிய செடி என்று துணிதல் அத்துணை எளிதன்று. பறித்தெறிந்ததை மீள நட இயலாது என்பதையும் மறத்தலாகாது.

இவ்விடர்ப்பாடு எமது நாட்டிலே ஒருமுறை மிகக் கூர்மையாக வெளிப்பட்டது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவையைத் தழுவி 1883இல் ஆக்கப்பட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை, கொலைக்கு மரணதண்டனையை விதித்தது. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா அவர்களின் அரசாங்கம் 1958ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தினால் அதனை மூன்றாண்டுகளுக்கு நிறுத்தி வைத்தது. அத்துடன் அமையாது, சட்டப் பேராசிரியர் நோர்வல் மொரிஸ் அவர்களின் தலைமையில் ஓர் ஆணைக்குழுவையும் நியமித்தது. தூக்குமரம் கொலைஞரை அச்சுறுத்துகின்றதா என்பதைப் புள்ளிவிவரங் கொண்டு ஆராய்தல் அதன் பணியாயிற்று. அச்சுறுத்தும் என்ற நம்பிக்கைக்குப் புள்ளிவிவரங்களில் ஆதாரம் கிடைக்கவில்லை. மரணதண்டனையை மீட்குமாறு அக்குழு பரிந்துரைக்கவுமில்லை. தண்டனையின் நோக்கத்தை இவ்வாறு அமைதியாக ஆராய முற்பட்ட அரசாங்கங்கள் உலகிலேயே சிலவாம்.

1959ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆந் தேதி, தல்துவே சோமராம என்னும் துறவி பிரதம மந்திரியை அவரது இல்லத்திலே சுட்டார். மறுநாள் அவர் உயிர் நீத்தார். இறக்குமுன் மக்களுக்கு விடுத்த செய்தியில், தம்மைச் சுட்டவர்மீது இரக்கங் காட்டுமாறும் பழிவாங்க முற்படாதிருக்குமாறும் அவர் வேண்டினார் என்பது நாடறிந்த செய்தி. ஆயினும் அவ்வாண்டு முடியுமுன்னரே 25ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறி, மரணதண்டனை மீண்டது. முன் நிகழ்ந்த கொலைக்கும் அது செல்லுபடியாகும் எனவும் விதிக்கப்பட்டது.

ஈண்டுச் சற்றே நின்று சிந்தித்தல் தகும். நிகழ்ந்து முடிந்த செயலை நோக்கிப் பின்னர் இயற்றப்படும் சட்டம் எவரை அச்சுறுத்தும்? சுட்ட கணத்தில் இல்லாத தண்டனைக்குச் சுட்டவர் அஞ்சியிருக்க இயலாது. அவரை அகற்றி வைப்பதற்கு ஆயுட்சிறை போதியது. திருத்துதல் பற்றியோ சொல்லவேண்டியதில்லை. எஞ்சுவது ஒறுத்தல் ஒன்றே. ஒறுத்தலே நோக்கமெனின், அதனை அப்பெயராலேயே அழைத்திருத்தல் நேர்மையாகும். நாட்டின் தலைவரை இழந்த மக்களின் சினம் இயல்பானது. அதனை நான் இகழேன். சினத்துக்கேற்பச் சட்டத்தைப் பின்னோக்கி வளைத்தமையையே குறை காண்கின்றேன்.

1961இல் சோமராம தேரரும், சதியின் சூத்திரதாரியெனக் காணப்பட்ட மாப்பிட்டிகம புத்தரக்கித்த தேரரும், எச். பி. ஜயவர்த்தனாவும் மரணதண்டனை பெற்றனர். பின்னோக்கிச் செல்லும் விதி சதிக்குற்றத்தைத் தழுவவில்லை எனக் கண்ட குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம், பின்னிருவரின் தண்டனையை ஆயுட்சிறையாக மாற்றியது. 1962 யூலை 6ஆந் தேதி வெலிக்கடையிற் சோமராம தேரர் மட்டுமே தூக்கிலிடப்பட்டார். ஏவியவர் வாழ, எய்த அம்பு முறிக்கப்பட்டது எனலாம். எனினும், சட்டத்தின் சொல்லுக்கு அப்பாற் செல்ல மறுத்த நீதிபதிகளின் உறுதி, அக்கொந்தளிப்பின் நடுவே போற்றத்தக்கதே.

1976 யூன் மாதத்தின் பின் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. மன்றுகள் மரணதண்டனையை இன்றும் விதிக்கின்றன. 2019 யூனில் அன்றைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன, போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிடும் ஆணைகளில் ஒப்பமிட்டதாக அறிவித்தார். உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. அவரே அவ்வாண்டு நவம்பரிற் கொலைக்காக மரணதண்டனை பெற்றிருந்த ஒருவருக்குப் பொதுமன்னிப்பளித்தார். அம்மன்னிப்பு செல்லாதென உயர் நீதிமன்றம் 2024இல் தீர்த்தது. ஒரே கரம் ஓராண்டினுள் கயிற்றையும் மன்னிப்பையும் நீட்டுமாயின், அங்கே நோக்கம் யாதென ஆராய்ந்து காண்டல் அரிது.

மலையகத்தார்க்கு இவ்வினா புதியதன்று. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ், முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை நீங்கிய தொழிலாளி சிறைக்கு அனுப்பப்பட்டான். ஒப்பந்தத்தை மீறிய வணிகன் பணத்தாற் பதிலிறுத்தான். தொழிலாளி உடலாற் பதிலிறுத்தான். அங்கே குற்றமும் இல்லை, திருத்துதற்குரிய குணக்கேடும் இல்லை. ஏனையோர் ஓடாதிருத்தல் வேண்டும் என்ற அச்சுறுத்தல் ஒன்றே இருந்தது. அச்சுறுத்தலைத் தனித்து விட்டால் அது யார் கையில் ஆயுதமாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. அச்சிறைவிதி 1920களின் தொடக்கத்தில் நீக்கப்பட்டது.

திருத்தும் நோக்கம் எமது மரபுக்கு அந்நியமன்று. சோழனின் சிறைக்கோட்டத்தை மணிமேகலை அறக்கோட்டமாக்கிய வரலாற்றைச் சாத்தனார் ஒரு காதையாகவே பாடினார். சட்டமும் மெல்ல மெல்ல அவ்வழி நடந்துள்ளது. நன்னடத்தைக் கட்டளைச் சட்டம் 1944இல் வந்தது. சிறைக்குப் பதிலாகச் சமுதாயப் பணி விதிக்க இடந்தரும் சட்டம் 1999இல் நிறைவேறியது. கசையடி 2005இல் ஒழிந்தது. ஆயினும் தண்டனைக் கைதிகளாக உட்செல்வோரிற் பெரும்பாலார் குற்றப்பணஞ் செலுத்த வகையற்றோரே. அட்டன் நீதவான் மன்றுக்குக் கினிகத்தேனையிற் பேருந்து ஏறும் நாட்கூலியாளன் ஒருவனை எண்ணுக. நீதவான் அவனுக்கு விதிப்பது பணத்தண்டம். அவன் அனுபவிப்பதோ சிறை. அதே குற்றத்துக்கு அதே தொகையைக் கடைக்காரன் செலுத்திவிட்டு மாலையில் வீடு திரும்புவான். கூலியாளனின் பெயர் சில வாரம் செக்றோலில் இராது. வீட்டில் அடுப்பெரிவது அயலார் தயவிலாகும்.