அடுப்படி தெரிந்தால் கணினி வாங்கலாம்

மதுரையில் ஒரு கணினிக் கடைக்குள் போய் "வயசான அம்மாவுக்கு வேணும்" என்று சொல்லிப் பாருங்கள். சின்னதாக, லேசாக, இருப்பதிலேயே விலை குறைந்ததாக ஒன்று மேசைக்கு வரும். "அவங்க என்ன சார், யூடியூப் பாப்பாங்க, வீடியோ கால் பேசுவாங்க. இது தாராளம்." பெரியவர்களுக்கு மட்டமான சாமான் போதும் என்ற நினைப்பில்தான் கோளாறு தொடங்குகிறது. பழகிய கை எதிலும் சமாளித்துவிடும். இனிமேல் பழக வேண்டிய கைக்குத்தான் நல்ல சாமான் தேவை.

காசை எதில் போடலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம் என்று தெரிய வேண்டுமானால் பெட்டிக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும். அதை அம்மாவுக்கே விளக்குவதென்றால் அடுப்படிதான் தோது.

பிராசஸர் என்பது அடுப்பு. ரேம், சமையல் மேடை. ஹார்டு டிஸ்க்கோ எஸ்எஸ்டியோ, சரக்கு வைக்கிற இடம். அங்கிருந்து எடுத்து மேடையில் வைத்தால்தான் எதுவும் அடுப்பில் ஏறும். கணினியை அணைத்தால் மேடையைத் துடைத்துவிட்டதாக அர்த்தம். 'சேவ்' செய்யாத கடிதம் காணாமல் போவது இதனால்தான்.

கணினி மெதுவாக ஓடினால் உடனே அடுப்பைக் குறை சொல்வோம். பெரும்பாலும் குற்றம் அடுப்பில் இல்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பெட்டிகள் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் இன்னும் எத்தனையோ வீட்டுப் பீரோக்களில் கிடக்கின்றன. அந்தக் காலத்து மடிக்கணினிகளின் சரக்கறை, சுழலும் தட்டு கொண்ட ஹார்டு டிஸ்க். நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் தட்டின்மேல் ஒரு கை நகர்ந்து நகர்ந்து தேடும். ஒவ்வொரு மிளகாய்க்கும் ஏணி போட்டுப் பரணில் ஏறுகிற கதைதான். எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, சுற்றும் இல்லை. சரக்கு கைக்கெட்டுகிற அலமாரியில் இருக்கிறது. தேடுகிற நேரம் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பழைய பெட்டிக்கு உயிர் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான்.

அடுத்தது மேடை. பிரவுசரில் நாலு பக்கம் திறந்து, கூடவே வீடியோ காலும் ஓடினால் 4 ஜிபி ரேம் நிரம்பிவிடும். இடம் போதாமல் கணினி பாதிச் சாமானை மறுபடி சரக்கறையில் கொண்டுபோய் வைக்கும், கேட்டால் எடுத்து வரும். அந்த அலைச்சலைத்தான் அம்மா "சுத்திக்கிட்டே இருக்கு" என்று போனில் சொல்கிறார். 8 ஜிபி வாங்குங்கள். விலை குறைந்த சிறிய மடிக்கணினிகள் சிலவற்றில் 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு போர்டோடு சேர்த்தே பற்றவைத்திருக்கும். பின்னால் கூட்டவும் முடியாது, விண்டோஸ் அப்டேட்டுக்கே திணறும். அடுப்பில் மட்டும் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். கேம் விளையாடும் பேரனுக்கான பிராசஸர் பாட்டிக்கு வேண்டாம்.

இவ்வளவு பார்த்து வாங்கிய பிறகும் இரண்டாம் நாளே போன் வரும்: "ஏய்யா, நேத்து இங்கனதானே இருந்துச்சு, எங்க போச்சு?"

கரண்ட் போனாலும் உப்பு எங்கே, புளி எங்கே என்று அம்மாவின் கைக்குத் தெரியும். அவர் அடுப்படியில் சாமானைப் பெயர் படித்து எடுப்பதில்லை, இடம் பார்த்து எடுக்கிறார். கணினியிலும் அப்படியே பழகுவார். 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, ஸ்டார்ட் பட்டனை இடது மூலையிலிருந்து நடுவுக்கு நகர்த்தியது. நமக்கு அது அழகு சம்பந்தப்பட்ட விஷயம். அவருக்கோ யாரோ அஞ்சறைப் பெட்டியை மாற்றி வைத்த மாதிரி. செட்டிங்ஸில் போய்ப் பழைய மூலைக்கே கொண்டுவந்துவிடலாம். எந்தக் கணினி சுலபம் என்று கேட்டால் என் பதில், எது தன் அடுக்கை மாற்றாமல் இருக்கிறதோ அதுதான். திரையில் ஐந்தாறு பெரிய படங்கள் போதும்: வீடியோ கால், யூடியூப், செய்தித்தாள், வங்கி, போட்டோ. மிச்சத்தைக் கண்ணில் படாமல் எடுத்துவிடுங்கள்.

இந்தக் கணக்கில் குரோம்புக் நல்ல தேர்வு. திரை எளிமை, தானே புதுப்பித்துக்கொள்ளும். 2021 முதல் வந்த மாடல்களுக்குப் பத்து ஆண்டு அப்டேட் என்று கூகுள் சொல்லியிருக்கிறது. தொட்டுப் பழகியவருக்கு ஸ்டாண்டில் நிற்கும் டேப்லெட்டே போதும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ல் மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அதனால் பழைய பெட்டியில் லினக்ஸ் மின்ட் போடலாம். பிரவுசர் மட்டும் திறக்கிறவருக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

இனி கண்ணும் கையும். 1976-ல் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஊரில் கண்புரையைப் பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் திரை வாங்கும்போது மறந்துவிடுகிறோம். வெள்ளெழுத்துக் கண்ணாடி புத்தகம் பிடிக்கிற தூரத்துக்குப் போட்டது. கணினித் திரை அதைவிடத் தள்ளி நிற்கும். பைஃபோக்கல் போட்டவர் கீழ்ப் பாதி வழியாகத் திரையைப் பார்க்கத் தாடையைத் தூக்கித் தூக்கிக் கழுத்து வலியை வாங்கிக்கொள்வார். கண் டாக்டரிடம் அந்தத் தூரத்தைச் சொல்லித் தனிக் கண்ணாடி கேளுங்கள். திரை 14 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம், எழுத்தை 150 சதவீதமாக்குங்கள், பளபளப்பில்லாத திரையாக இருக்கட்டும்.

டபுள் கிளிக் ஒரு தண்டனை. இரண்டு தட்டும் அரை விநாடிக்குள் விழ வேண்டும், நடுவில் மவுஸ் அசையவும் கூடாது. நடுங்கும் கையிடம் அதைக் கேட்பது நியாயமா? ஒரே கிளிக்கில் திறக்கும்படி செட்டிங் இருக்கிறது. டச்பேடைவிட வயரோடு கூடிய பெரிய மவுஸ் மேல். தமிழில் எழுத, 1999-ல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை இந்த வயதில் திணிக்காதீர்கள். மைக்கைத் தொட்டுப் பேசினால் எழுத்தாக விழுகிறது.

சரக்கறைச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அதாவது, அட்மின் கணக்கு உங்களிடம், சாதாரணக் கணக்கு அவரிடம். "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று எவன் மிரட்டினாலும் வைத்துவிட்டு 1930-ஐ அழைக்கச் சொல்லி, அந்த எண்ணைத் திரை ஓரத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

பெட்டி நன்றாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு மேலூர் வட்டாரமே சாட்சி. 2001-ல் ஐஐடி மெட்ராஸ், எம்ஐடி, ஹார்வர்ட், என்-லாக் நிறுவனம் எல்லாம் சேர்ந்து 'சாரி' திட்டத்தில் அங்கே கிராமக் கணினி நிலையங்கள் திறந்தன. நிலையத்தில் வெப்கேமராவில் எடுத்த கண் படம் மதுரை அரவிந்த் மருத்துவருக்குப் போனது. தமிழ் மென்பொருள் இருந்தது, இயக்க உள்ளூர் ஆள் இருந்தார். ஆனாலும் சில ஆண்டுகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன. வருமானம் போதவில்லை, இணைப்பு கோளாறு, பின்னால் நின்று தாங்க நிலையான ஆதரவில்லை என்று ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள்.

வீட்டிலும் அந்த ஆதரவுதான் கேள்வி. தெருவில் பழுது பார்க்கத் தெரிந்த ஒரு பையனுக்கு எந்தக் கணினி பழக்கமோ, அது உங்கள் பெங்களூரு நண்பர் சிபாரிசு செய்வதைவிட நல்லது. சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறவர்கள் கிளம்புகிற நாளில் பெட்டியை நீட்டிவிட்டு ரயிலேறாதீர்கள். வந்த முதல் நாளே அம்மாவையும் கடைக்குக் கூட்டிப்போய், அவர் கையாலேயே தட்டிப் பார்க்கவிட்டு வாங்குங்கள். மிச்ச நாளெல்லாம் பக்கத்தில் உட்காருங்கள், மவுஸைத் தொடாமல்.