மேகத்தில் வைத்த ஏடுகளும் கையில் இருக்க வேண்டிய சாவியும்

மயிலாப்பூர் மாட வீதிகளில் தொடங்கி, தியாகராய நகர், நுங்கம்பாக்கம் வழியாக அடையாறு வரை பரவியுள்ள சென்னைப் பகுதியில், பிறருடைய சேமிப்பு, நகை, நோய், வாரிசு ஆகியவை பற்றிய விவரங்களைக் காத்துவைப்பதையே தொழிலின் அடிப்படையாகக் கொண்ட நிறுவனங்கள் நெருங்கி அமைந்துள்ளன. 1872-இல் தோன்றிய மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்ட், இராயப்பேட்டையில் தலைமையகம் கொண்ட இந்தியன் வங்கி, மியூச்சுவல் ஃபண்ட் முதலீட்டாளர்களின் கணக்குகளைப் பராமரிக்கும் கேம்ஸ், மருத்துவக் காப்பீட்டு நிறுவனமான ஸ்டார் ஹெல்த் ஆகியவை இவற்றுள் பெரியவை; நகைச் சேமிப்புத் திட்டம் நடத்தும் தியாகராய நகர்க் கடைகளும் அடையாற்றின் சிறு மருத்துவமனைகளும் இதே பொறுப்பைச் சிறிய அளவில் சுமப்பவை. இத்தகைய நிறுவனங்களின் பேரேடுகள் ஒரு காலத்தில் அவரவர் கட்டடத்துக்குள்ளேயே இரும்பு அலமாரியில் இருந்தன. இன்றோ அவற்றுள் பல, வாடகைக்கு எடுத்த கணினிகளில், வேறொரு நிறுவனத்தின் தரவு மையத்தில் வாழ்கின்றன.

இவ்வாறு கணினித் திறனையும் சேமிப்பிடத்தையும் இணையத்தின் வழியே வாடகைக்குப் பெறும் முறையே மேகக் கணிமை, அதாவது கிளவுட் எனப்படுகிறது. மைக்ரோசாஃப்ட் தன் அஷ்யூர் சேவைக்காக 2015-இல் இந்தியாவில் திறந்த மூன்று தரவு மைய வட்டாரங்களுள் ஒன்று சென்னையிலேயே அமைந்தது. அமேசான் 2016-இல் மும்பையிலும் 2022-இல் ஐதராபாத்திலும், கூகுள் 2017-இல் மும்பையிலும் தத்தம் வட்டாரங்களை நிறுவின. தரவு எந்த ஊரில் இருக்கிறது என்ற கேள்விக்கு இதனால் விடை கிடைத்துவிட்டது. அதைவிட ஆழமான கேள்வி, பூட்டிவைக்கப்பட்ட அந்தத் தரவைத் திறக்கும் சாவி யாருடைய ஆளுகையில் இருக்கிறது என்பதாகும். பொதுமக்களின் நம்பிக்கையை வைத்துத் தொழில் நடத்தும் எந்த நிறுவனமும் இக்கேள்வியைத் தன் தொழில்நுட்பப் பிரிவிடம் மட்டும் விட்டுவிடலாகாது.

பெயரை நம்பியதன் விலை

பெரிய பெயர் ஒன்றே பாதுகாப்பு எனக் கருதியதற்கு இந்நகரம் முன்பே பெரும் விலை கொடுத்திருக்கிறது. சென்னையின் மிக மதிப்புவாய்ந்த ஆங்கிலேய வணிக நிறுவனங்களுள் ஒன்றாக விளங்கிய அர்பத்நாட் நிறுவனம் 1906 அக்டோபர் 22 அன்று பணம் கொடுப்பதை நிறுத்தியபோது, ஓய்வூதியர்கள் முதல் சிறு சேமிப்பாளர்கள் வரை ஆயிரக்கணக்கானோர் தம் வாழ்நாள் சேமிப்பை இழந்தனர். அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் பின்னர்ச் சிறைத்தண்டனை பெற்றார். முதலீட்டாளர்களுக்காக வழக்காடிய மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று உழைத்ததன் பயனாக, 1907-இல் இந்தியன் வங்கி தொடங்கப்பட்டது. தங்கள் பணத்தின் மீது தங்களுக்கே ஆளுகை வேண்டும் என்ற எண்ணம் அன்று ஒரு வங்கியாக வடிவெடுத்தது. தரவு என்பதும் இன்று ஒருவகை வைப்புத்தொகையே ஆதலால், அதன் மீதான ஆளுகையைப் பற்றியும் அதே தீவிரத்தோடு சிந்திக்க வேண்டியிருக்கிறது.

பூட்டுக்குள் ஒரு பூட்டு

படிக்கத்தக்க தரவை, உரிய சாவி இல்லாத எவருக்கும் பொருள் விளங்காத குறிகளாக மாற்றும் கணித முறையே மறைக்குறியாக்கம், அதாவது என்கிரிப்ஷன் எனப்படுகிறது. மேகத் தரவுத்தளங்களில் இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது ஏஇஎஸ் என்னும் முறையாகும். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோன் டாமன், வின்சென்ட் ரைமன் ஆகிய இருவர் உருவாக்கிய இதனை அமெரிக்கத் தர நிறுவனம் 2001 நவம்பரில் பொதுத் தரமாக ஏற்றது. இம்முறையின் ஒவ்வொரு படியும் வெளிப்படையாக அச்சிடப்பட்டது, எவரும் கற்கலாம். இரகசியம் முழுவதும் சாவியில் மட்டுமே தங்கியிருக்க வேண்டும் என 1883-இல் ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் வகுத்த கொள்கையின்படியே இது அமைந்துள்ளது. 256 பிட் நீளமுள்ள சாவிக்கு இருக்கக்கூடிய வாய்ப்புகளின் எண்ணிக்கை 78 இலக்கங்கள் கொண்டதாகையால், ஒவ்வொன்றாக முயன்று பார்த்து அதைக் கண்டுபிடிப்பது நடைமுறையில் இயலாது. எனவே திருட நினைப்பவர் பூட்டை உடைப்பதைக் காட்டிலும் சாவியைத் தேடுவதையே மேற்கொள்வார். காப்பவரின் கவலையும் சாவியின் மீதே இருத்தல் வேண்டும்.

மேகத் தரவுத்தளத்தில் சாவிகள் இரண்டு அடுக்குகளாகச் செயல்படுகின்றன. தரவை நேரடியாகப் பூட்டுவது தரவுச் சாவி; அந்தத் தரவுச் சாவியையே பூட்டிவைப்பது தலைமைச் சாவி. பூட்டப்பட்ட தரவுச் சாவி தரவுக்கு அருகிலேயே சேமிக்கப்படும். தலைமைச் சாவியோ, வன்பொருள் பாதுகாப்புப் பெட்டகம் எனப்படும், பிரித்துப் பார்க்க முயன்றாலே தன் உள்ளடக்கத்தை அழித்துவிடும்படி வடிவமைக்கப்பட்ட தனிக் கருவியை விட்டு வெளியே வருவதில்லை. தரவுத்தளம் இயங்கத் தொடங்கும்போது, பூட்டப்பட்ட தரவுச் சாவியை அப்பெட்டகத்துக்கு அனுப்பித் திறந்து பெறுகிறது. பல டெராபைட் தரவை மீண்டும் மீண்டும் பூட்டித் திறக்காமலேயே, சிறிய தலைமைச் சாவி ஒன்றைக் கட்டுப்படுத்துவதன் மூலம் அனைத்தையும் கட்டுப்படுத்த இவ்வமைப்பு வழிசெய்கிறது.

ஆளுகையின் படிநிலைகள்

தலைமைச் சாவியை யார் ஆள்கிறார் என்பதில் பல படிகள் உள்ளன. வாடிக்கையாளர் எதுவும் செய்யாதபோது, மேக நிறுவனமே சாவியை உருவாக்கி, பராமரித்து, தானே பயன்படுத்துகிறது. அடுத்த படியான வாடிக்கையாளர் மேலாண்மைச் சாவியில், பெட்டகம் மேக நிறுவனத்துடையதாக இருப்பினும், சாவியை யார் பயன்படுத்தலாம், எப்போது முடக்கலாம், எப்போது அழிக்கலாம் என்பதை வாடிக்கையாளர் நிறுவனமே தீர்மானிக்கிறது. அதற்கும் மேலே, தன் இடத்தில் உருவாக்கிய சாவியைக் கொண்டுவந்து மேகத்தில் ஏற்றும் முறையும், சாவியை மேகத்துக்கு வெளியே தன் சொந்தப் பெட்டகத்திலேயே வைத்துக்கொள்ளும் முறையும் உள்ளன. பின்னதற்கான வசதியை அமேசான் 2022 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. படி உயர உயர ஆளுகை கூடுகிறது, செலவும் பொறுப்பும் அவ்வாறே கூடுகின்றன.

வங்கி லாக்கர் இதனை விளக்க உதவும். லாக்கரைத் திறக்க வங்கியின் சாவியும் வாடிக்கையாளரின் சாவியும் ஒருங்கே வேண்டும் என்பதால் வங்கி தனியே அதைத் திறக்க இயலாது. மேக நிறுவனமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் முதற்படியிலோ இரு சாவிகளும் ஒருவரிடமே இருக்கின்றன. வாடிக்கையாளர் மேலாண்மைச் சாவி இரண்டாம் சாவியை உரியவரிடம் ஒப்படைக்கிறது. ஆனால் ஓரிடத்தில் ஒப்புமை முறிகிறது. லாக்கர் சாவி தொலைந்தால், ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட விதிகளின்படி சாட்சிகள் முன்னிலையில் லாக்கரை உடைத்துப் பொருளை மீட்கலாம். தலைமைச் சாவி அழிந்துவிட்டால், மேக நிறுவனமோ நீதிமன்றமோ உலகின் எந்தக் கணினியோ அத்தரவை மீட்டுத்தர இயலாது.

சாவி தரும் வலிமைகள்

இந்தக் கடுமையிலிருந்தே இம்முறையின் வலிமைகளும் பிறக்கின்றன. ஊடுருவல் நிகழ்ந்ததாக ஐயம் எழும்போது சாவியை முடக்கினால், தரவுத்தளத்தோடு அதன் காப்புநகல்களும் விரைவில் படிக்க இயலாதவை ஆகின்றன. சாவிச் சேவையிடம் விடுக்கப்படும் ஒவ்வொரு கோரிக்கையும் யாரால், எந்த நேரத்தில் செய்யப்பட்டது என்பது தணிக்கைப் பதிவில் சேர்கிறது. தரவுத்தள நிர்வாகி ஒருவராகவும் சாவி நிர்வாகி வேறொருவராகவும் இருக்கும்படி அமைத்தால், தரவுத்தளத்தின் காப்புநகலை ஒருவர் வெளியே கடத்திச் சென்றாலும் சாவிக்கான அனுமதி இன்றி அது பயன்படாது.

ஒருவருடைய தரவை முற்றாக நீக்க வேண்டிய கடமைக்கும் இது வழிகாட்டுகிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கம் நிறைவேறிய பின்போ ஒப்புதல் திரும்பப் பெறப்பட்ட பின்போ, வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாத தரவை அழிக்கும்படி பணிக்கிறது. பல இடங்களில் சிதறிக் கிடக்கும் காப்புநகல்கள் அனைத்தையும் தேடி அழிப்பது அரிது. அந்தத் தரவுக்கென ஒதுக்கப்பட்ட தனிச் சாவியை அழித்தாலோ, நகல்கள் எங்கிருந்தாலும் வெற்றுக் குறிகளாகிவிடும்.

கவனக்குறைவு மன்னிக்கப்படாத இடம்

சாவியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட நிறுவனம் ஒழுங்கையும் உடன் எடுத்துக்கொள்ள வேண்டும். தவறுதலான அழிவைத் தடுக்க, அமேசானின் சாவிச் சேவை 7 முதல் 30 நாள்கள் வரையிலான காத்திருப்புக் காலத்தை வைத்துள்ளது. அழிக்கும்படி ஆணையிட்டபின் அக்காலத்துக்குள் மனம் மாறினால் ஆணையைத் திரும்பப் பெறலாம். அதே நிறுவனத்தின் ஆர்டிஎஸ் தரவுத்தளச் சேவையில் சாவி முடக்கப்பட்டுத் தரவுத்தளம் அதை அணுக இயலாமல் போனால், ஏழு நாள்களுக்குள் சரிசெய்தால் மட்டுமே அதை மீண்டும் இயக்கலாம். அதற்குப் பின் காப்புநகலிலிருந்தே மீட்க வேண்டும், அந்த நகலைத் திறக்கவும் அதே சாவியே தேவைப்படும். மைக்ரோசாஃப்ட் அஷ்யூரின் தரவுத்தளச் சேவை, சாவியை அணுக இயலாத சில நிமிடங்களிலேயே எல்லா இணைப்புகளையும் மறுக்கத் தொடங்கும். எனவே சாவியை மாற்றவோ முடக்கவோ இருவர் ஒப்புதல் வேண்டும் என்ற விதியும், அழிப்பு ஆணை பிறந்த உடனே பலருக்கு எச்சரிக்கை செல்லும் ஏற்பாடும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் மீட்டெடுப்பு ஒத்திகையும் தவிர்க்க இயலாதவை.

முடிவெடுக்கும் காலமும் முக்கியமானது. அமேசானின் ஆர்டிஎஸ், கூகுளின் கிளவுட் எஸ்க்யூஎல் ஆகிய இரண்டிலும் எந்தச் சாவியால் பூட்டுவது என்பதைத் தரவுத்தளத்தை உருவாக்கும்போதே கூற வேண்டும். பின்னர் மாற்ற விரும்பினால் தரவை நகலெடுத்துப் புதிய தரவுத்தளத்துக்குக் குடிபெயர்க்க நேரும். தொடக்கத்தில் சில நிமிடங்களில் முடியும் வேலை, தரவு பெருகிய பின் வாரக்கணக்கில் திட்டமிட வேண்டிய பணியாகிவிடுகிறது.

சாவியால் காக்க இயலாதவை

இம்முறையின் எல்லையையும் தெளிவாக உணர வேண்டும். 2024 செப்டம்பரில், சென்னையில் தலைமையகம் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவன வாடிக்கையாளர்களின் விவரங்களும் மருத்துவ அறிக்கைகளும் டெலிகிராம் செயலியின் தானியங்கி உரையாடிகள் வழியே எவருக்கும் கிடைப்பதை ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளிக்கொணர்ந்தது. மூன்று கோடிக்கும் மேற்பட்டோரின் தரவு தன்னிடம் இருப்பதாக அவற்றை வெளியிட்டவர் உரிமை கோரினார். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடி இடைக்காலத் தடை பெற்றது. ஒருவருடைய நோய் விவரம் படிக்கத்தக்க வடிவில் ஒருமுறை வெளியேறிவிட்டால், அதை முழுமையாகத் திரும்பப் பெறும் ஆணை எந்த நீதிமன்றத்திடமும் இல்லை என்பதே இந்நிகழ்வு உணர்த்தும் துயரமான பாடமாகும்.

சேமிப்பிடத்தில் உறங்கும் தரவையே தலைமைச் சாவி காக்கிறது. முறையான அனுமதியுடன் தரவுத்தளத்துக்குள் நுழையும் செயலிக்கு அது தரவைத் திறந்தே தருகிறது. அந்தச் செயலியின் கடவுச்சொல்லைத் திருடியவருக்கும், அதன் குறைபாட்டைப் பயன்படுத்திக் கேள்வி கேட்பவருக்கும் திறந்தே தருகிறது. ஆகவே ஆதார் எண், நோய்க்குறிப்பு, வங்கிக் கணக்கு எண் போன்ற மிக நுண்மையான விவரங்களைத் தரவுத்தளத்தைச் சென்றடையும் முன்பே செயலியின் அளவில் தனியே பூட்டுவதும், வழக்கத்துக்கு மாறாக ஒரே நேரத்தில் பெருந்திரளான பதிவுகள் படிக்கப்பட்டால் உடனே தடுப்பதும், சாவி மேலாண்மையோடு இணைந்து நடைபெற வேண்டும்.

சட்டத்தின் கை

இந்திய ஒழுங்குமுறை அமைப்புகள் இத்திசையில் படிப்படியாக நகர்ந்துள்ளன. பணப்பரிவர்த்தனைத் தரவு இந்தியாவிலேயே சேமிக்கப்பட வேண்டும் என ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் ஆணையிட்டது. இடத்தைக் கடந்து சாவியை நோக்கியது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி. 2023 மார்ச்சில் அது வெளியிட்ட மேகச் சேவை நெறிமுறை, தன் கட்டுப்பாட்டுக்குட்பட்ட நிறுவனங்கள் சாவிகளின் ஆளுகையைத் தம்மிடமே வைத்திருக்க வேண்டும் என வலியுறுத்துகிறது. முன்பு கூறிய 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறியோருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட அதன் விதிகள் அந்த ஏற்பாடுகளுள் மறைக்குறியாக்கத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. அயல்நாட்டுச் சட்டங்களையும் இங்கு மறக்கலாகாது: 2018-இல் அமெரிக்கா இயற்றிய சட்டமொன்று, தன் நாட்டு நிறுவனங்களின் ஆளுகையில் உள்ள தரவு எந்த நாட்டில் இருப்பினும் அதை அரசு கோரிப் பெற வழிசெய்கிறது. அத்தகைய கோரிக்கை வரும்போது, சாவி மேக நிறுவனத்தின் எல்லைக்கு வெளியே இருந்தால், அந்நிறுவனத்தால் பூட்டிய தரவை மட்டுமே தர இயலும்.

இதற்கான அறிவுக்கு இந்நகரம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஏ.பி.ஜே. அப்துல் கலாமின் எண்ணத்தில் உருவாகி 2002-இல் நிறுவப்பட்ட செட்ஸ் என்னும் மின்னணுப் பரிவர்த்தனைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் தரமணியில் மறையியல் ஆய்வை நடத்திவருகிறது. அதற்கு அண்மையில் உள்ள சென்னை ஐஐடி, சக்தி என்னும் நுண்செயலியை உருவாக்கி வன்பொருள் பாதுகாப்பிலும் ஆய்வு செய்கிறது. பெரிய வங்கிகள் இத்தகைய அறிவை விலைகொடுத்துப் பெறும். நிதி நிறுவனங்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் சிறு மருத்துவமனைகளுக்கும் அது எட்ட வேண்டும். தனிப் பெட்டகம் அவற்றின் சக்திக்கு அப்பாற்பட்டதாயினும், வாடிக்கையாளர் மேலாண்மைச் சாவி ஒன்றுக்கு அமேசான் மாதத்துக்கு ஒரு டாலர் அளவிலேயே கட்டணம் பெறுகிறது என்பதால், தடையாக நிற்பது பணத்தைவிடக் கவனமின்மையே.

எனவே இந்நிறுவனங்களின் இயக்குநர் குழுக்கள் தம் அடுத்த கூட்டத்திலேயே மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெற வேண்டும்: உறுப்பினர்களின் தரவைத் திறக்கும் தலைமைச் சாவி யாருடைய ஆளுகையில் இருக்கிறது, அதை முடக்கும் அதிகாரம் எந்த இருவரிடம் இருக்கிறது, அது தொலைந்தால் நிகழ்வது என்ன என்பதை எப்போது ஒத்திகை பார்த்தார்கள். விடை சொல்ல இயலாத நிறுவனம், மக்களின் ஏடுகளைக் காப்பதாகச் சொல்லும் தகுதியை இன்னும் ஈட்டவில்லை. விடைகளைப் பெற்று ஆண்டுதோறும் சரிபார்க்கும் நிறுவனமோ, தன்னிடம் வைப்பு வைத்தவர்களுக்குச் செலுத்த வேண்டிய கடமையின் முதற்பகுதியை நிறைவேற்றியதாகும்.