ரைபோசோமும் நோய்க்காப்பும்

பல்லாவரத்திற்கு வடக்கே கிண்டியில் 1948-ஆம் ஆண்டு பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் நிறுவப்பெற்றது. காசநோயைத் தடுக்கும் அம்மருந்து, வலுக்குன்றிய உயிருள்ள பாக்டீரியாக்களால் ஆயது. கிருமியின் உயிரற்ற கூறொன்றே காப்பளிக்குமோ என்று அறிஞர் ஆராய்ந்தனர்.

பாக்டீரியாவினுள் புரதத்தை ஆக்கும் நுண்துகள் ரைபோசோம் எனப்படும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் அதன் அமைப்பை ஆராய்ந்து 2009-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

1965-இல் யூமன்சு என்னும் அமெரிக்க இணையர் காசக்கிருமியின் ரைபோசோம் கூற்றைச் சுண்டெலிகட்குச் செலுத்தினர். அவை காப்புப் பெற்றன. ஆயினும், குருதியிலுள்ள எதிர்ப்பொருள் கிருமியின் புறத்தையே பற்றுவது. உள்ளுறையும் ரைபோசோமை அஃது எங்ஙனம் அணுகும்? சால்மொனெல்லா என்னும் பாக்டீரியாவை நுணுகி ஆராய்ந்தபோது, ரைபோசோமோடு ஒட்டிவந்த புறவுறைப் பொருளே காப்பிற்குப் பெரிதும் காரணமெனத் தெரிந்தது. காசநோயிலோ, எதிர்ப்பொருளினும் உயிரணுக்களின் காவலே மிகுதி.

பயன் கண்டதோடு அமையாது காரணத்தையும் நாடுவதே அறிவியல் நெறி.